லடாக் பார்லி மாவும் ரேஷன் அரிசியும்: இமயமலை மக்களின் சாப்பாடு பற்றிப் பேசலாமா?

வடதிசை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். "இமயமலைப் பழங்குடிகளின் அதிசய மாவு" என்று ஒரு விளம்பரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. வறுத்த பார்லி மாவுதான் அது. சர்க்கரை குறையும், எடை குறையும், நூறு வயது வாழலாம் என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். வேலை காரணமாக லடாக்கில், அதிலும் சாங்தாங் பக்கம், பல கோடைக்காலங்களைக் கழித்தவன் நான். அந்த மாவு அங்கே எப்படி உண்டாகிறது, எதற்காக உண்டானது என்று தெரிந்துகொண்டால் விளம்பரத்தை வேறு கண்ணால் பார்ப்போம். அதனால் இந்த இழை.

முதலில் இடம். லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாங்தாங் மேய்ச்சல் நிலமெல்லாம் 4,000 மீட்டருக்கு மேலே. சோ மொரிரி ஏரிக்கரையில் உள்ள கோர்சோக் ஊர் 4,500 மீட்டரைத் தாண்டுகிறது, அங்கேயும் பார்லி வயல் உண்டு. மழை ஆண்டு முழுக்கச் சேர்த்தே சுமார் 100 மி.மீ.தான். மலையில் பனி உருகி ஓடிவரும் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பினால் பயிர், இல்லையென்றால் வெறும் மணல். பெரும்பாலான ஊர்களில் ஒரே போகம். அந்தக் குறுகிய கோடையில் முற்றிவிடக்கூடிய தானியம் என்று பார்த்தால் பார்லிதான் முதலில் நிற்கும்.

அடுத்தது அடுப்பு. 4,500 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. பருப்பும் அரிசியும் அதில் லேசில் வேகாது. எரிக்க மரமும் கிடையாது. காய்ந்த சாணமும் முள்செடியின் வேரும்தான் விறகு. இந்த நிலைமையில் வேளாவேளைக்குத் தானியத்தை வேகவைத்துச் சாப்பிட நினைத்தால் குளிர்காலம் பாதியைத் தாண்டும் முன்பே எரிபொருள் தீர்ந்துவிடும். அதனால் அவர்கள் கண்டுபிடித்த வழி, ஒரே மூச்சில் மொத்தமாக வறுத்து, அரைத்து வைத்துக்கொள்வது. மாவு ஏற்கெனவே வெந்தது. சூடான தேநீர் இருந்தால் போதும்.

வறுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அகலமான இரும்புச் சட்டியில் மணலைக் கொதிக்கக் காயவைப்பார்கள். கழுவி ஈரம் உலர்த்திய பார்லியை அதில் கொட்டி, துணி சுற்றிய குச்சியால் வேகமாகக் கிளறுவார்கள். நம் ஊரில் மணலில் பொரி பொரிப்பது போலத்தான். படபடவென்று வெடிச் சத்தம் கேட்டதும் சல்லடையில் கொட்டி மணலைப் பிரிப்பார்கள். இந்த வறுத்த மணிக்கு யோஸ் என்று பெயர். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வழியெல்லாம் கொறிப்பார்கள். மீதியெல்லாம் ரன்தாக் என்கிற நீராலைக்குப் போகும். ஓடைத் தண்ணீர் அடியில் உள்ள மரச் சக்கரத்தைத் தள்ள, மேலே கல் சுழலும். அந்தக் கல் மெதுவாகச் சுழல்வதால் மாவு சூடேறாமல் விழுகிறது. அதைத்தான் லடாக்கில் ஙம்பே என்பார்கள், திபெத்தில் சாம்பா.

கிண்ணத்தில் கொஞ்சம் வெண்ணெய் போட்ட உப்புத் தேநீர், அதன் மேல் ஙம்பே. விரலால் ஓரத்திலிருந்து உள்பக்கமாகத் தள்ளித் தள்ளிப் பிசைந்து உருண்டை பிடித்தால் கோலாக் தயார். அடுப்பு வேண்டாம், பாத்திரம் கழுவ அதிகத் தண்ணீரும் வேண்டாம்.

சாங்தாங்கின் சாங்பா மக்கள் உழவர்கள் அல்ல. யாக் முடியில் நெய்த கறுப்புக் கூடாரத்தில் (ரெபோ) வாழ்ந்து, பஷ்மினா ஆடு, செம்மறி, யாக் மேய்ப்பவர்கள். அவர்களுக்கு பார்லி பண்டமாற்றில்தான் வந்தது. சோ கார் ஏரிக்கரையில் உப்பு அள்ளி, செம்மறிகளின் முதுகில் சின்னச் சின்னப் பைகளாக ஏற்றிக்கொண்டு பள்ளத்தாக்கு ஊர்களுக்கு இறங்குவார்கள். உப்பு, கம்பளி, வெண்ணெய் கொடுத்து பார்லி வாங்கித் திரும்புவார்கள். 1962 போருக்குப் பின் திபெத் பக்க மேய்ச்சலும் வியாபாரமும் அடைபட்டுப் போயின. சாலை வந்தது, கடை உப்பு வந்தது, ரேஷன் வந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த மாவு தனியாக நிற்கும் பொருள் அல்ல. பார்லி வைக்கோல் மாட்டுக்கு, மாட்டுச் சாணம் அடுப்புக்கு, அடுப்பு வறுவலுக்கு. ஒரு கண்ணி அறுந்தால் மற்றதும் தளரும். இன்று லடாக் வீடுகளில் மதியச் சாப்பாடு பெரும்பாலும் சோறுதான், பார்லி வயலோ குறைந்துகொண்டு வருகிறது. வயல் போன பின் பொட்டலத்தில் மட்டும் மாவு இருந்து யாருக்கு லாபம்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பழைய_ஹவில்தார்

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் ராணுவத்தில் இருந்தபோது நியோமா பக்கம் பணியில் இருந்தேன். சோறு வேகாத கதை எங்களுக்கு நன்றாகத் தெரியும். குக்கர் இல்லாமல் அங்கே சமையலே இல்லை. உள்ளே அரிசி விரைவிரையாக நிற்கும், வெளியே கஞ்சியாகக் குழைந்திருக்கும். குக்கரின் வளையம் போய்விட்டால் அன்றைக்கு முழுப் பட்டாளமும் பிஸ்கட்டில்தான் ஓட்ட வேண்டும்.

ஆனால் ரேஷன் அரிசியைக் குற்றம் சொல்வது போல் ஒரு தொனி தெரிகிறதே, அதில் எனக்கு உடன்பாடில்லை. எங்களுக்குச் சாமான் தூக்க வந்த உள்ளூர்க்காரர் ஒருவர் சொன்னார்: அவருடைய சின்ன வயதில் வசந்தகாலம் வந்தால் வீட்டில் மாவுப் பெட்டியின் அடி தெரிய ஆரம்பிக்குமாம். அறுவடைக்கு இன்னும் நாலைந்து மாதம் இருக்கும். அந்த இடைவெளியில் தாய்மார்கள் மாவில் காட்டுக்கீரையைக் கலந்து நீட்டுவார்களாம். ரேஷன் வந்த பிறகுதான் அந்தப் பயம் போயிற்று என்றார். பசியைப் பார்த்தவன் அரிசியை வேண்டாம் என்று சொல்வானா?

கொடிமலர்

ரொம்பப் பயனுள்ள இழை. எனக்கு ஒரு சின்னக் கேள்வி. கடையில் கிடைக்கும் பார்லியை வறுத்து அரைத்தால் இந்த மாவு வருமா? அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதற்காகக் கேட்கிறேன்.

வடதிசை

வரும் சகோதரி. கடையில் கிடைப்பது பெரும்பாலும் உமி நீக்கி நன்றாகத் தீட்டிய பார்லி, அதனால் தவிடு குறைவு. லடாக்கில் விளைவது உமி ஒட்டாத வகை. அடித்தாலே உமி தனியாக வந்துவிடும், தீட்ட வேண்டியதில்லை. தவிடோடு உள்ள பார்லி கிடைத்தால் வாங்குங்கள். சிறு தீயில் நல்ல பொன்னிறம் வரும்வரை வறுத்தால் போதும், மணல் தேவையில்லை. அப்பா மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஹவில்தார் அய்யா, நீங்கள் சொன்ன வசந்தகாலப் பசி உண்மை. நானும் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறேன். அரிசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரிசி வந்த விதத்தில் பார்லிக்கு இடமே வைக்காமல் போனதைத்தான் சொல்கிறேன்.

லே_டீச்சர்

லேயில் சில ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் நான். இந்த இழையில் இதுவரை பெண்கள் வரவேயில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வடதிசை வர்ணித்த அந்த வறுக்கும் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார்? வீட்டுக்காரி. சன்னல்கூட இல்லாத சமையலறையில், சாணப் புகைக்கு நடுவில், நாள் முழுக்க. வறுத்த பார்லி மூட்டையை முதுகில் சுமந்து நீராலைக்குப் போவது யார்? மலைச்சரிவில் சாணம் பொறுக்குவது யார்? தேநீரை மரக் குழாயில் ஊற்றி குர்குர் என்று கடைவது யார்? என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் "உங்களுக்குப் பழைய சாப்பாடு பிடிக்குமா, சோறு பிடிக்குமா?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே குக்கரைக் காட்டுவார்கள். இரண்டு விசிலில் சோறு தயார், பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோடு போகும். பாரம்பரிய உணவு என்று நாம் புகழும்போது அதற்குள் ஒரு பெண்ணின் முதுகெலும்பு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

அதே சமயம் அந்த வாழ்க்கையில் எனக்கு மனசார மதிப்பு உண்டு. தண்ணீர்ப் பங்கீட்டைப் பாருங்கள். ஊருக்கு ஒரு சுர்பொன் இருப்பார். எந்த வயலுக்கு எந்த நேரத்தில் மடை திறப்பது என்பது அவர் பொறுப்பு. இரவில் உருகல் நின்றுவிடும் என்பதால் ஓடைத் தண்ணீரைக் குட்டையில் தேக்கிவைத்து விடியலில் திறப்பார்கள். பிறகு பாஸ்புன் என்று ஒரு முறை உண்டு. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் சில வீடுகள் ஒன்று சேர்ந்திருக்கும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வீட்டார் பிணத்தைத் தொட வேண்டியதில்லை, பாஸ்புன்காரர்களே எல்லாம் செய்துவிடுவார்கள். பிரசவம், கல்யாணம் எதற்கும் அவர்கள்தான் முதல் கை.

வீட்டுக் கழிப்பறைகூட அந்தச் சாப்பாட்டுச் சங்கிலியில் சேர்ந்ததுதான். மாடியில் மண் பரப்பிய ஓர் அறை, நடுவில் ஓட்டை. ஒவ்வொரு முறையும் மண்ணும் சாம்பலும் தள்ளிவிட வேண்டும். கீழறையில் ஆண்டு முழுக்க மக்கி, வசந்தத்தில் வயலுக்குப் போகும். தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறை விடுதிகளோடு பெருகிய பிறகு லேயில் அந்த எருவும் போயிற்று, நிலத்தடி நீருக்கும் கேடு வந்தது. சுற்றுலாவுக்கு லடாக்கைத் திறந்தது 1974-ல். அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு வயலைவிட விருந்தினர் விடுதியில்தான் வருமானம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிலத்தைத் துண்டாக்காமல் வைத்திருக்க அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் அங்கே இருந்தது. 1941-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஒரு பிள்ளையைக் கோன்பாவுக்கு (பௌத்த மடாலயத்துக்கு) லாமாவாக அனுப்புவதும் வழக்கம். இப்படியெல்லாம் மனிதர்களின் எண்ணிக்கையை வயலின் அளவுக்குள் நிறுத்திவைத்துத்தான் பார்லி எல்லோருக்கும் போதியது. "பழையபடி பார்லிக்குத் திரும்பலாம்" என்பவர்கள் இதையெல்லாமும் திரும்பக் கொண்டுவருவார்களா?

வடதிசை

டீச்சர் அம்மா, நான் எழுத நினைத்திராத பக்கத்தைக் கொண்டுவந்துவிட்டீர்கள். நன்றி. உழைப்பு பற்றி நீங்கள் சொன்னதற்கு எதிர்ப்பேச்சே இல்லை. ஆனால் அந்த உழைப்பைக் குறைக்கப் பார்லியை விட வேண்டியதில்லையே! சில ஊர்களில் மின்சார அரவை வந்துவிட்டது. புகைபோக்கி வைத்த இரும்பு அடுப்பு அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது. கதிரடிக்க இயந்திரத்தைக் கூட்டாக வாடகைக்கு எடுக்கிறார்கள். முன்பு கதிரடிப்பு என்றால் களத்து நடுவில் கம்பம் நட்டு, சோவையும் (யாக்-பசு கலப்பின மாடு) கழுதையையும் வரிசையாகக் கட்டி, பாட்டுப் பாடிக்கொண்டே சுற்ற விடுவார்கள். தூற்றும்போது காற்றைக் கூப்பிட மெல்லச் சீட்டி அடிப்பார்கள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்தான். ஆனாலும் இயந்திரம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. வயல் தரிசாகக் கிடப்பதில்தான் வருத்தம்.

மருந்துப்பெட்டி

பொதுமருத்துவர் என்ற முறையில் சில விஷயங்கள் மட்டும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். பார்லியில் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து அதிகம். கொழுப்பைக் குறைக்க உதவும் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்டது. லடாக்கியர்கள் பார்லியோடு பட்டாணி மாவைச் சேர்த்துக் கிண்டும் பாபா என்ற களி இருக்கிறது. தானியத்தில் குறையும் லைசின் என்ற புரதக்கூறு பட்டாணியில் உண்டு, ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். அதற்குத் தொட்டுக்கொள்ளத் தயிரில் காட்டுக்கீரை கலந்த தாங்துர். புரதம், சுண்ணாம்பு, கீரை எல்லாம் ஒரே தட்டில்.

ஆனால் மலையில் பழைய வாழ்க்கை என்றால் நோயே இல்லை என்று நம்பிவிட வேண்டாம். இமயமலை அடிவாரம் முழுக்க மண்ணில் அயோடின் குறைவு, தலைமுறை தலைமுறையாகக் கழுத்துக்கழலை இருந்தது. 1956-ல் தொடங்கிய காங்ரா பள்ளத்தாக்கு ஆய்வில் டாக்டர் வி. ராமலிங்கசாமி குழுவினர் உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறைகிறது என்று காட்டினார்கள். 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்ததற்கு அடித்தளம் அதுதான். கடை உப்பு வந்ததை ஓர் இழப்பாக மட்டும் பார்க்காதீர்கள், அது எத்தனையோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றியது.

இரண்டாவது, புகையும் தூசியும். சுரங்கமே இல்லாத லடாக் கிராமங்களில் நுரையீரலில் சிலிக்கா படியும் நோய் இருப்பது 1990-களின் தொடக்கத்தில் ஆய்வுகளில் பதிவானது. வசந்தகாலப் புழுதிக்காற்றும் அடுப்புப் புகையும் சேர்ந்து செய்த வேலை. ரத்த அழுத்தமும் அங்கே குறைவில்லை. உப்புத் தேநீரை நாள் முழுக்கக் குடிப்பவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

கொடிமலர், அப்பாவுக்குக் கொடுங்கள். இரண்டு கரண்டி மாவை மோரில் கரைத்துக் கொடுக்கலாம். அதற்கு ஏற்ப மற்ற வேளைச் சோற்றைக் குறைக்க வேண்டும். கூடுதலாகச் சேர்த்தால் பயன் இல்லை.

வரகரிசி

வேளாண் படிப்பு மாணவன். ரேஷன் பற்றிய பேச்சில் ஒரு தகவலைச் சேர்க்கிறேன். 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமையோடு நிற்கவில்லை. அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், சிறுதானியம் 1 ரூபாய் என்று மூன்றுக்கும் விலை வைத்தது. 2023 ஜனவரியிலிருந்து எல்லாமே இலவசம். ஆக, அந்தந்த வட்டாரத் தானியத்தைக் கொடுக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசியில் ஒரு பங்குக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். மலைப் பகுதிகளில் உள்ளூர் விவசாயியிடமே பார்லியும் பாப்பரையும் (பக்வீட்) வாங்கி உள்ளூர்க் கடையிலேயே கொடுத்தால் ஹவில்தார் அய்யா சொன்ன பசிக் கவலையும் தீரும், வடதிசை அண்ணன் சொன்ன வயலும் பிழைக்கும்.

இதற்கு நேர் எதிரான பாடம் நேபாளத்தின் கர்ணாலி. அங்கே பழைய சாப்பாடு பனிவரகு, தினை, கேழ்வரகு, பாப்பரை, உமியில்லா பார்லி. ஜும்லா பள்ளத்தாக்கில் மட்டும் மார்சி என்ற சிவப்பரிசி, 3,000 மீட்டர் வரைக்கும் ஏறி விளைகிறது. உலகிலேயே மிக உயரத்தில் விளையும் நெல்களில் ஒன்று. 1970-களிலிருந்து பஞ்ச நிவாரணம் என்று வெள்ளை அரிசியை விமானத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். முதலில் அரசு ஊழியருக்கு, பிறகு எல்லோருக்கும். நாளடைவில் சோறு சாப்பிடுகிறவன் மதிப்பானவன், தினை சாப்பிடுகிறவன் ஏழை என்று ஆகிவிட்டது. விருந்தாளிக்குத் தினைச்சோறு வைக்க வெட்கப்பட ஆரம்பித்தார்கள். வயலில் விளைவது போதாமல் அரிசி வந்தது ஒரு கட்டம், அரிசி வந்ததால் வயலை விட்டது அடுத்த கட்டம். விமானம் வராத மாதத்தில் அந்த மாவட்டங்களில் உணவுத் தட்டுப்பாடு என்று செய்தி வரும். எனக்கு இதில் மிகவும் வேதனை தருவது அந்த வெட்கம்தான்.

ஓயா_நடை

நல்ல விவாதம். ஆனால் இமயமலை என்றால் பார்லி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கிழக்கே அருணாசலில் ஸிரோ பள்ளத்தாக்குக்குப் போய்ப் பாருங்கள். அங்குள்ள அபதானி மக்களின் முதல் உணவு அரிசிதான், அதுவும் பரம்பரையாக.

சுமார் 1,500 மீட்டர் உயரம். கலப்பையும் இல்லை, உழவு மாடும் இல்லை. எல்லாம் கையாலும் மண்வெட்டியாலும். வயல் வரப்பு ஒவ்வொன்றும் இழைத்தது போல இருக்கும். வரப்பின் மேல் கேழ்வரகு நட்டிருப்பார்கள், அதனால் வரப்பு கரையாது, அப்போங் என்ற மதுவுக்கும் தானியமாயிற்று. மடையில் மூங்கில் குழாய் பதித்து, ஒரு வயல் தண்ணீரை அடுத்த வயலுக்கு இறக்குவார்கள். நெல்லோடு மீனும் வளர்கிறது. மீன் வளர்ப்பு பழங்காலத்து முறை என்று பலர் எழுதுகிறார்கள், அது 1960-களில்தான் பரவியது. நல்லதை அவர்கள் சட்டென்று பிடித்துக்கொண்டு தங்கள் வயலுக்கு ஏற்றபடி மாற்றினார்கள்.

கடல் உப்பு எட்டாத காலத்தில் சில செடிகளை எரித்துச் சாம்பலாக்கி, அதில் தண்ணீரை வடித்து, காய்ச்சி எடுக்கும் தப்யோ என்ற உப்பு இவர்களிடம் இருந்தது. இன்றும் சில வீடுகளில் செய்கிறார்கள். விறகுக்குக் காட்டை அழிப்பதில்லை, வீட்டுத் தோப்பில் மூங்கிலும் பைனும் நட்டு வளர்க்கிறார்கள். தோப்பும் வயலும் தனிச்சொத்து, வாய்க்கால் பராமரிப்பு மட்டும் கூட்டுப் பொறுப்பு. 2014-லேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தப் பள்ளத்தாக்கு சேர்ந்துவிட்டது.

மேற்கே தவாங், திராங் பக்கம் மோன்பா மக்களிடம் போனால் சாப்பாடு மறுபடி மாறிவிடும். கேழ்வரகு அல்லது சோள மாவைக் கிளறிச் செய்யும் ஸான், பாப்பரை மாவில் பிழிந்த புட்டா, நாற்றம் தூக்கும் பழைய பாலாடைக்கட்டி போட்ட குழம்பு. முதல் வாய் கஷ்டம், அப்புறம் விடாது.

குமாவுன்_மருமகள்

நான் மதுரைப்பக்கம், கட்டிக்கொடுத்தது உத்தராகண்டின் பித்தோராகர். கணவர் வீட்டார் போட்டியா சமூகம். மாமியார் வீட்டுப் பெரியவர்கள் காலத்தில் வாழ்க்கை ஆண்டுக்கு இரண்டு ஊர். கோடையில் மேல் பள்ளத்தாக்கு, குளிர்காலத்தில் கீழே தார்ச்சுலா. கணவாய் திறந்ததும் தானியமும் வெல்லமும் துணியும் திபெத்துக்குப் போகும், உப்பும் கம்பளியும் இங்கே வரும். 1962-ல் அது மொத்தமாக நின்றது. லிபுலேக் கணவாயை 1992-ல் வியாபாரத்துக்குத் திறந்தார்கள் என்றாலும் பழைய அளவில் எதுவும் இல்லை. 1967-ல் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததால் படிப்பு, அரசு வேலை என்று குடும்பங்கள் நகரத்துக்கு நகர்ந்துவிட்டன. வியாபாரம் போனதில் இழந்ததை அந்த வேலைகள்தான் ஈடுகட்டின.

மேல் ஊரில் இன்னும் பாப்பரையும் உமியில்லா பார்லியும் கொஞ்சம் போடுகிறார்கள். தாளிக்கக் கடுகு கிடையாது, காய்ந்த ஜம்பு இலைதான். வெங்காயக் குடும்பத்துச் செடி, மேல் புல்வெளிகளில் முளைப்பது. நெய்யில் ஒரு சிட்டிகை போட்டால் வீடு முழுக்க வாசனை. எனக்கு முதல் ஆறுதல் அவர்கள் அடுக்களையில் கொள்ளும் கேழ்வரகும் குதிரைவாலியும் இருந்ததுதான். கொள்ளுக்கு கஹத், கேழ்வரகுக்கு மண்டுவா, குதிரைவாலிக்கு ஜங்கோரா என்று பெயர். மூன்றுக்கும் 2023-ல் உத்தராகண்ட் புவிசார் குறியீடு வாங்கியது. கல்லடைப்புக்குக் கொள்ளு ரசம் அங்கேயும் கொடுக்கிறார்கள்.

வரகரிசி தம்பி சொன்ன வெட்கம் இங்கேயும் இருந்தது. என் நாத்தனார் பள்ளிக்கூடத்துக்குக் கேழ்வரகில் சுட்ட கறுப்பு ரொட்டி எடுத்துப்போனதை மறைத்து வைத்துச் சாப்பிட்டதாகச் சொல்வார். இன்று அதே கறுப்பு ரொட்டியை நைனிதால் உணவகத்தில் விலை போட்டு விற்கிறார்கள். விலை ஏறியது நல்லதுதான், விதைத்தவளுக்கு அதில் எவ்வளவு போகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

மண்ணும்_மழையும்

எல்லாரும் "பாரம்பரியம்" என்கிறோம், அதன் வயதையும் பார்ப்போம். எவரெஸ்ட் அடிவாரத்து ஷெர்பாக்களின் முக்கிய உணவு உருளைக்கிழங்கு. அது கும்பு பகுதிக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். அதற்கு முன் பாப்பரையும் பார்லியும். உருளை வந்து உணவு உபரியானதால்தான் மக்கள்தொகையும் பெரிய மடாலயங்களும் வளர்ந்தன என்று மானுடவியலாளர் ஹைமண்டார்ப் எழுதினார், அதை மறுத்தவர்களும் உண்டு. இமாசல மலையில் மக்காச்சோள ரொட்டியும் ராஜ்மாவும்கூட அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள்தான். கின்னௌரில் ஓக்லா, பாப்ரா என்ற பாப்பரை வகைகளின் வயல்கள் ஆப்பிள் தோட்டமாகிவிட்டன. அதனால் அங்கே பலர் கல்வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். மலைக்காரன் எப்போதும் கணக்குப் போட்டுத்தான் பயிரை மாற்றியிருக்கிறான். நாம் சமவெளியில் உட்கார்ந்துகொண்டு மாறாதே என்று சொல்வது நியாயமில்லை.

வடதிசை

மண்ணும்_மழையும், மாறாதே என்று யாரும் சொல்லக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஷெர்பா உருளையைத் தன் வயலில் நட்டார். அபதானி மீனைத் தன் நெல்லுக்குள் விட்டார். கின்னௌர்க்காரர் ஆப்பிளைத் தன் சரிவில் வைத்தார். விதையும் நிலமும் முடிவும் அவர்கள் கையில் இருந்தன. லாரியில் வரும் அரிசி அப்படியில்லை. சோஜி லா கணவாயில் பனி விழுந்து சாலை அடைபட்டால் என்ன ஆகும் என்பது லே, கார்கில் வாசிகளுக்குத் தெரியும்.

சாங்பாக்களின் நிலை இன்னும் கடினம். 2013 குளிர்காலத்தில் கடும் பனி பெய்து மேய்ச்சல் மூடிப்போய் ஆயிரக்கணக்கான ஆடுகள் செத்தன. கர்னாக் பகுதிக் குடும்பங்கள் பல ஏற்கெனவே கூடாரத்தை விட்டு லேக்குப் பக்கத்தில் கர்னாக்லிங் என்ற குடியிருப்புக்கு வந்துவிட்டன. பஷ்மினாவுக்கு நல்ல விலை உண்டு, ஆனாலும் மைனஸ் 30 டிகிரி உறைகுளிரில் ஆடு காக்கப் பிள்ளைகள் முன்வருவதில்லை. மாலையில் ஆடுகள் திரும்பியதும் ஒரே கயிற்றில் கழுத்தோடு கழுத்தாக, இரண்டு வரிசை எதிரெதிரே தலை கோத்துக் கட்டுவார்கள். பெண்கள் பின்னாலிருந்து குனிந்து ஒவ்வொன்றாகக் கறந்துகொண்டே போவார்கள். அந்தப் பால் தயிராகி, வெண்ணெயாகி, மிஞ்சிய மோர் காய்ந்து சுர்ப்பே கட்டியாகி, கல் மாதிரி மாதக்கணக்கில் நிற்கும். ஆடு மேய்க்க ஆள் இல்லையென்றால் இந்த வரிசை முழுவதும் நின்றுவிடும். பள்ளிக்கூடமும் கால்நடை மருத்துவரும் மேய்ச்சல் நிலத்துக்கே போனால்தான் அவர்களுக்கு வழி.

பழைய_ஹவில்தார்

தம்பி, லாரி பற்றிச் சொன்னது சரி. நாங்கள் இருந்த ஊர்களில் குளிர்காலத்துக்கான சாமான் முழுவதையும் கோடையிலேயே ஏற்றிச் சேர்த்துவிடுவோம். லேயில் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது, டிஹார் என்பார்கள். பட்டாளத்துக்காக அந்தக் குளிரிலும் காய்கறி விளைவிக்க அவர்கள் சொல்லிக்கொடுத்தது பக்கத்து விவசாயிகளுக்கும் வருமானமாயிற்று. நீங்கள் சொல்வது போல் மாவையும் அங்கேயே வாங்கி ராணுவத்துக்கும் ரேஷனுக்கும் கொடுத்தால் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன். சாலையும் அரிசியும் நிற்கட்டும், பார்லியும் பக்கத்தில் நிற்கட்டும்.

கொடிமலர்

எல்லோருக்கும் நன்றி. இப்போது அந்த விளம்பரப் பொட்டலத்தை வாங்கலாமா வேண்டாமா?

லே_டீச்சர்

வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பார்லி எந்த ஊரில் விளைந்தது, விவசாயிக்கு என்ன விலை கொடுத்தீர்கள்? பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் லடாக்கிலும் உத்தராகண்டிலும் நேரடியாக விற்கின்றன, அவர்கள் இந்த இரண்டுக்கும் பதில் சொல்வார்கள். சொல்லாத பொட்டலம் வேண்டாம், நம் ஊர் பார்லியையே வறுத்துக்கொள்ளுங்கள்.

லடாக் போகிறவர்களுக்கு ஒன்று. விடுதியில் பனீர் பட்டர் மசாலா கேட்காதீர்கள். கிராமத்து வீட்டில் தங்கி, பாபாவும் தாங்துரும் வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். துர்துக் பக்கம் போனால் பால்ட்டி வீடுகளில் பாப்பரை மாவில் சுடும் கிஸிர் கிடைக்கும். காசு கொடுத்துக் கேட்கிற விருந்தாளி இருந்தால் வீட்டுக்காரி அடுத்த ஆண்டும் அந்த வயலை விதைப்பாள். செப்டம்பரில் போங்கள், அறுப்பு முடிந்து புது மாவு வந்திருக்கும்.

கொடிமலர்

சரி டீச்சர். செப்டம்பருக்கு அப்பாவையும் கூட்டிப்போக ஆசை, வயது 68. உயரம் ஒத்துக்கொள்ளுமா? மருந்துப்பெட்டி சார் சொல்ல முடியுமா?

மருந்துப்பெட்டி

லேயில் இறங்கிய முதல் இரண்டு நாள் எங்கும் சுற்றாமல் ஓய்வு எடுக்கட்டும். அதன் பிறகும் படிப்படியாகத்தான் உயரம் ஏற வேண்டும், சாங்தாங் கடைசியில். தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே கீழே இறங்க வேண்டும், காத்திருக்கக் கூடாது. சர்க்கரை மாத்திரையும் இதயப் பரிசோதனையும் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். அறிக்கைகளைத் தனிமடலில் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.